டபுள் ஏ-வுக்கு ஏற்றலாமா? பாலக்கோட்டுத் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தம்பி, அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் என்ற கணினி விளையாட்டில் நாம் நடத்தும் லீகில், பழைய மேனேஜர் விட்டுப்போன அணியை எடுத்த கையோடு நீ கேட்டது மூன்று விஷயம். (மேஜர் லீகுக்குக் கீழே, மேலிருந்து ட்ரிபிள் ஏ, டபுள் ஏ, ஹை ஏ, லோ ஏ என்று படிகள்.) லோ ஏ-வில் .340 (ஆயிரத்துக்கு 340 ஹிட் என்ற சராசரி) அடித்துக்கொண்டிருக்கும் 19 வயது ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவனை) நேராக டபுள் ஏ-வுக்கு ஏற்றலாமா? ட்ரிபிள் ஏ-வில் இறங்குகிற ஆட்டமெல்லாம் அடி வாங்கும் 22 வயது பிட்சரை (பந்து வீசுபவனை) என்ன செய்வது? பழைய ஆள் விட்டுப்போன பையன்களின் பொட்டென்ஷியல் மாதாமாதம் சரிந்துகொண்டே போகிறதே, நான் ஏதாவது தப்பு செய்கிறேனா அண்ணா என்றும் கேட்டிருக்கிறாய்.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்துவிடும்.

அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பாலில் நாம் யாரும் மட்டையைத் தொடுவதில்லை. மார்க்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மானியர் 1999-ல் முதல் பதிப்பை வெளியிட்ட நாளிலிருந்து அது எண்களும் அறிக்கைகளுமாக ஓடும் மேனேஜர் விளையாட்டுதான். ஒவ்வொரு வீரனுக்கும் உள்ளே இரண்டு வரிசை எண்கள் இருக்கின்றன. ஒன்று, இன்றைக்கு அவன் எவ்வளவு ஆடுவான் என்பது. இன்னொன்று, கடைசியில் எவ்வளவு தூரம் போகலாம் என்பது; அதுதான் பொட்டென்ஷியல். திரையில் நீ பார்ப்பது இந்த உண்மை எண்ணை இல்லை. உன் ஸ்கவுட் (வீரர்களின் திறமையை எடைபோடும் ஆள்) பார்த்துவிட்டு வந்து சொன்ன மதிப்பீட்டைத்தான் பார்க்கிறாய். அவனுக்கும் கண் தப்பும். ரூக்கி லீகில் ஆடும் 17 வயதுப் பையனைப் பற்றிச் சொல்வதில் நிறையவே தப்பும். ட்ரிபிள் ஏ-வில் இருக்கும் 25 வயதுக்காரனைப் பற்றிச் சொல்வதில் அவ்வளவு தப்பாது.

ஆக, 20-லிருந்து 80 வரை போகும் அளவில் பொட்டென்ஷியல் 65-லிருந்து 55 ஆனால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். பையனின் உண்மைத் திறமையே குறைந்திருக்கலாம். இல்லையென்றால் அவன் எப்போதும் 55 தான், ஸ்கவுட் இப்போதுதான் சரியாகப் பார்த்திருக்கிறான். நீ அணியை எடுத்ததும் ஸ்கவுட்டை மாற்றினாய் அல்லவா? புது ஆளுக்குப் புதுக் கண். பழைய ஸ்கவுட் உடல் திறமையைப் பார்த்து மயங்குகிற ரகம். நீ கொண்டுவந்தவன் இன்றைய ஆட்டத்தைப் பார்த்து மதிப்பிடுகிற ரகம். பதின்ம வயதுப் பையன்களின் எண் ஒரே மாதத்தில் மொத்தமாக இறங்கியதற்கு எனக்குத் தெரிந்து இதுதான் முக்கியக் காரணம். சந்தேகமாக இருந்தால் விளையாட்டே தருகிற பொது ஸ்கவுட் அமைப்பின் மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டு பேரும் ஒரே திசையில் சொன்னால் நம்பு. வேறுவேறாகச் சொன்னால் நடுவில் ஒரு எண்ணை மனதில் போட்டுக்கொண்டு காத்திரு.

உண்மையாகவே திறமை குறைவதும் உண்டு. அதற்குப் பின்னால் பகடை இருக்கிறது. லீக் அமைப்பில் திறமை மாற்றத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு எண் இருக்கும். நாம் அதை வழக்கமான 100-லேயே வைத்திருக்கிறோம். அதைக் கூட்டினால் யார் வேண்டுமானாலும் திடீரென எழுவார்கள், விழுவார்கள். குறைத்தால் டிராஃப்ட் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுப்பது) நாளில் பார்த்ததே கடைசிவரை நிற்கும். பகடை என்றதும் விளையாட்டின் குறை என்று நினைக்காதே. நிஜ பேஸ்பாலும் இப்படித்தான். 1991 டிராஃப்டில் முதல் ஆளாக யாங்கீஸ் அணி எடுத்த பிரையன் டெய்லர், 1993-ல் ஒரு கைகலப்பில் தோளைக் கெடுத்துக்கொண்டார். மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. 1988-ல் 62-வது சுற்றில், 1,390-வது ஆளாக எடுக்கப்பட்ட மைக் பியாசா 2016-லிருந்து, பேஸ்பாலின் மகத்தானவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். அன்றைக்கு அந்த இருவரின் பக்கத்தையும் உன் திரையில் காட்டியிருந்தால் நீயும் நானும் டெய்லரைத்தான் எடுத்திருப்போம்.

அதனால் முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள். பையனை வளர்ப்பது உன் கையில் இல்லை. அவன் எந்த மட்டத்தில், எந்த இடத்தில், எத்தனை நாள் ஆடுகிறான் என்பதும், அவனை வைத்திருப்பதா விற்பதா என்பதும்தான் உன் கையில் இருக்கிறது. நம் லீகில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ரேட்டிங்கை முறைத்துப் பார்த்துக்கொண்டு, ஆடும் நேரத்தைக் கணினியிடம் விட்டுவிடுகிறார்கள்.

ஆடும் நேரம் என்று சொன்னேன். அதில்தான் உன் அணியில் பெரிய ஓட்டை. உன் ஹை ஏ அணியைத் திறந்து பார்த்தேன். அங்கே ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு மூன்று பேர் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேருக்கு 25 வயது, பொட்டென்ஷியல் 35. அவர்கள் எந்தக் காலத்திலும் மேலே வரப்போவதில்லை. ஆனால் இன்றைய ரேட்டிங் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் கணினி மேனேஜர் அவர்களைத்தான் தினமும் இறக்குகிறார். மைனர் லீக் மேனேஜருக்கு அன்றைய ஆட்டத்தை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். உன் 20 வயதுப் பையன் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். பெஞ்சில் இருப்பவன் வளர மாட்டான். இந்த விளையாட்டில் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய சில விஷயங்களில் இது ஒன்று. அந்த இருவரையும் இன்றைக்கே விடுவித்துவிடு. மைனர் லீக் சம்பளம் மிச்சம் என்பதற்காக இல்லை, இடம் காலியாக வேண்டும் என்பதற்காக.

கணினியிடம் விடுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஓசூரில் ஷிப்டு பார்க்கிறவர்களும், மே மாதம் தொடங்கினால் மாங்கூழ் ஃபேக்டரியை விட்டு வெளியே தலைகாட்ட முடியாதவர்களும் நம் லீகில் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு முறை தங்கள் அணி முடிவுகளை ஃபைலாக அனுப்புவதே அவர்களுக்குப் பெரிய காரியம். அப்படிப்பட்டவர்கள் முக்கியமான பத்துப் பதினைந்து பையன்களை மட்டும் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, மீதியை உதவி மேனேஜரிடம் விட்டால் போதும். நீ கல்லூரி லீவில் இருக்கிறாய். உனக்கு அந்தச் சாக்கு இல்லை.

இனி மட்டம். 2021-ல் மைனர் லீக்குகள் மாற்றி அமைக்கப்பட்ட பிறகு ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் ட்ரிபிள் ஏ, டபுள் ஏ, ஹை ஏ, லோ ஏ என்று முழு சீசன் ஆடும் நான்கு அணிகள் இருக்கின்றன. 30 அணிக்கு மொத்தம் 120. அதற்கும் கீழே ரூக்கி மட்டம், டொமினிகன் சம்மர் லீக். நம் லீகும் இதே அமைப்புதான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இத்தனை படி எதற்கு என்று தோன்றும். சச்சின் 1989-ல் 16 வயதிலேயே டெஸ்ட் ஆடவில்லையா? இன்றைய பேஸ்பாலில் அது நடக்காத காரியம். டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவன்கூடப் பொதுவாகச் சில வருடம் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடித்தான் மேலே வருகிறான். பந்தின் வேகத்தைவிட அதன் ஏமாற்றுதான் காரணம். கீழ் மட்டத்தில் பிட்சர்கள் வேகமாக வீசுவார்கள், ஆனால் நினைத்த இடத்தில் வீச மாட்டார்கள். டபுள் ஏ-வில்தான் வளையும் பந்தை ஸ்ட்ரைக்காகப் போடத் தெரிந்தவர்கள் வரிசையாக வருவார்கள். 1994-ல் மைக்கேல் ஜோர்டான் கூடைப்பந்தை விட்டுவிட்டு பர்மிங்ஹாம் பாரன்ஸ் அணிக்கு ஆடினார். அது டபுள் ஏ. கீழ்ப்படி எதையும் தொடாமல் நேராக அங்கே இறங்கினார். 127 ஆட்டத்தில் .202 சராசரி, 114 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்). உலகத்தின் மிகச் சிறந்த உடல் திறமை இருந்த மனிதருக்கே அப்படி.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 1999-ல் 13-வது சுற்றில் எடுக்கப்பட்ட ஆல்பர்ட் பூஹோல்ஸ் 2000-ம் ஆண்டின் பெரும்பகுதியைக் கீழ் ஏ மட்டத்தில் ஆடினார். 2001-ல் மேஜர் லீகில் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம். ஆக, படி தாண்டவே கூடாது என்று சட்டம் இல்லை. தாண்டுகிறவன் யார் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சந்தூர்ப் பக்கம் நாற்றுப்பண்ணையில் மா ஒட்டுச்செடி வாங்கியிருந்தால் உனக்கு இது தெரிந்திருக்கும். நட்ட அடுத்த வருடமே பூ எடுக்கும். விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பூவைக் கிள்ளிப் போடுவார்கள். இரண்டு மூன்று வருடத்துக்குக் காய்க்கவே விட மாட்டார்கள். உன் ஷார்ட்ஸ்டாப்பின் .340 அந்த முதல் வருடப் பூ.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், அவனுடைய எண்களைப் பிரித்துப் பார்த்தேன். களத்துக்குள் விழுந்த பந்துகளில் அவனுக்கு ஹிட் ஆனது .430. யாருக்குமே இது நீண்ட நாள் ஓடாது, பொதுவாக.300-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஸ்ட்ரைக்அவுட் நிறைய, வாக் (நான்கு மோசமான பந்தை அடிக்காமல் விட்டு இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) ரொம்பக் குறைவு. அதாவது அவன் கண்டதையும் அடிக்கிறான், அடித்தது எல்லாம் ஆள் இல்லாத இடத்தில் விழுகிறது. இந்த விளையாட்டில் ரேட்டிங்கிலிருந்துதான் எண்கள் வருகின்றன; நல்ல எண் வந்தது என்பதற்காக ரேட்டிங் ஏறுவதில்லை. ஆகவே சராசரியைப் பார்த்து ஆளை ஏற்றுவது, முன்பே நடந்த விஷயத்துக்குப் பரிசு கொடுக்கிற மாதிரி. வாக், ஸ்ட்ரைக்அவுட் இரண்டையும் பார். அவைதான் சீக்கிரம் உண்மை பேசும். அப்புறம் இன்றைய கான்டாக்ட் (பந்தை மட்டையில் படவைக்கும் திறன்) ரேட்டிங்கைப் பார். பொட்டென்ஷியலை அல்ல, இன்றையதை. 20-லிருந்து 80 வரை போகும் அளவில் மேஜர் லீக் சராசரி 50. என் கணக்கில் இன்றைய கான்டாக்ட் 40-ஐத் தொடாத பேட்டரை டபுள் ஏ-வுக்கு அனுப்ப மாட்டேன். இது விளையாட்டு எங்கேயும் எழுதிவைத்த விதி இல்லை, நானாக வைத்துக்கொண்டது. உன் பையனுக்கு இப்போது 30.

மட்டம் மிகவும் கடினமாக இருந்தால் வளர்ச்சி நின்றுபோகும். மிகவும் சுலபமாக இருந்தாலும் நிற்கும். 24 வயதுக்காரனை லோ ஏ-வில் வைத்து .380 அடிக்க விட்டு ரசிக்கிற ஆள் ஒருவர் நம் லீகிலேயே இருக்கிறார், பெயர் வேண்டாம். அந்தப் பையன் அங்கேயே வயதாகிப் போவான். வயதுக்கும் மட்டத்துக்கும் ஒரு தோராயமான பொருத்தம் உண்டு: லோ ஏ 19, 20, ஹை ஏ 21 வாக்கில், டபுள் ஏ 22, 23, ட்ரிபிள் ஏ அதற்கு மேல். இதைவிட ஒரு வயது முன்னால் போகிறவனைக் கவனி. இரண்டு வயது பின்தங்கியவனை, எண் எவ்வளவு அழகாக இருந்தாலும், மறந்துவிடு. 23-க்குள் பெரும்பாலான வளர்ச்சி முடிந்துவிடும். 25 தாண்டிய பேட்டரின் பொட்டென்ஷியலை நான் படிப்பதே இல்லை.

ஷார்ட்ஸ்டாப் என்பதால் இன்னொன்று. ஒரு இடத்தில் ஆடினால்தான் அந்த இடத்துக்கான ரேட்டிங் ஏறும்; திரையில் பொத்தானை அழுத்தி யாரையும் செகண்ட் பேஸ்மேன் ஆக்க முடியாது. ஷார்ட்ஸ்டாப் ஆடத் தெரிந்தவன் செகண்ட், தேர்ட் இரண்டையும் சீக்கிரம் கற்றுக்கொள்வான். வாரத்தில் இரண்டு நாள் அவனை அங்கே ஆட விடு. மேலே ஏறும்போது வழியில் யார் நின்றாலும் சுற்றிப் போக அவனுக்கு வழி இருக்கும். மூக்கி பெட்ஸ் ரெட் சாக்ஸில் செகண்ட் பேஸ்மேனாக வளர்ந்தவர். அங்கே டஸ்டின் பெட்ரோயா அசையாமல் இருந்ததால் 2014-ல் அவுட்ஃபீல்டுக்குப் போனார். அங்கேதான் நட்சத்திரமானார். கேட்சர் (கிரிக்கெட் கீப்பர் மாதிரி) விஷயத்தில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். வேறு இடத்துக்காரனைக் கேட்சராக மாற்றுவது ரொம்பவும் மெதுவான வேலை.

பிட்சர்கள் தனி உலகம். பிட்சிங் ப்ராஸ்பெக்ட் (நாளைக்கு மேலே வருவான் என்று நம்பப்படும் இளம் பிட்சர்) என்று ஒன்றே கிடையாது என்பது அமெரிக்க பேஸ்பால் வட்டத்தில் பழைய கிண்டல். கை எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்த முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை இன்றைக்கு அந்தப் பிட்சரின் பெயராலேயே சர்வசாதாரணமாக நடக்கிறது. திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். விளையாட்டும் அதை அப்படியே காட்டுகிறது. நல்ல பிட்சர் ஒருவன் 14 மாதம் படுத்துவிட்டு எழுந்தால் ரேட்டிங்கில் ஒரு பகுதி காணாமல் போயிருக்கலாம். அதனால் காயம் படும் தன்மை அதிகம் என்று எழுதியிருக்கும் 18 வயது பிட்சருக்கு நான் முதல் சுற்றுத் தேர்வைச் செலவழிக்க மாட்டேன். பேட்டர் என்றால் யோசிப்பேன்.

பிட்சரில் மூன்று எண்: ஸ்டஃப் (பந்தின் வீரியம்), மூவ்மென்ட் (பந்தின் அசைவு), கண்ட்ரோல் (நினைத்த இடத்தில் வீசுவது). இதில் கண்ட்ரோல் தாமதமாக வரும், பலருக்கு வராமலே போகும். உன் 22 வயதுக்காரனைப் பார். ஸ்டஃப் பொட்டென்ஷியல் 65, இன்றைக்கு 50. கண்ட்ரோல் இன்றைக்கு 30. ஃபாஸ்ட்பால் அருமை, ஸ்லைடர் (வளையும் பந்து) நல்லது, சேஞ்சப் (வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் பந்து) 35-லேயே நிற்கிறது. ஸ்டார்ட்டராக (ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவனாக) நிலைக்க மூன்று உருப்படியான பந்தும் ஸ்டாமினாவும் வேண்டும். மூன்றாவது பந்து இல்லாவிட்டால் ரிலீவராக (இடையில் வந்து வீசுபவனாக) போகலாம். அங்கே கொஞ்ச நேரம் மட்டுமே வீசுவதால் ஸ்டஃப் எண் கூடிக்காட்டும். உடனே மேலே கொண்டுவரவும் ஆசை வரும். பொறு. 22 வயதில் ரிலீவர் ஆக்கிவிட்டால் ஆடும் இன்னிங்ஸ் பாதிக்கும் கீழே போய்விடும், சேஞ்சப் வளர வாய்ப்பே இருக்காது. ரிலீவர் என்ற கதவு 24 வயதிலும் திறந்துதான் இருக்கும்.

இந்த இடத்தில் ஜேக்கப் டிகிராமை நினைத்துக்கொள்வது நல்லது. கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தவர். 2010-ல் மெட்ஸ் ஒன்பதாவது சுற்றில் எடுத்தது. அதே வருடம் டாமி ஜான் அறுவை சிகிச்சை. மேஜர் லீகில் முதலில் வீசியது 2014-ல், 25 வயதில். 2018, 2019 இரண்டு வருடமும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. 23 வயதில் அவரைக் கைவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் 2008-ல் ஒரு வேகப்பந்துப் போட்டியில் தேறி பிட்ஸ்பர்க் பைரேட்ஸுடன் ஒப்பந்தம் போட்டார்கள். கை வேகம் இருந்தது. மற்ற எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து கற்றார்கள். மேஜர் லீகை எட்டவில்லை. என்னைக் கேட்டால் ரிங்கு சிங் கீழ் மட்டங்களில் சில வருடம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். (அப்புறம் அவர் மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார்.)

குணம் பற்றியும் கேட்பாய். ஒவ்வொருவன் பக்கத்திலும் உழைப்பு, புத்தி, தலைமை என்று எழுதியிருக்கும். முதல் இரண்டும் வளர்ச்சியைத் தொடும். ஆனால் அவை பகடையைக் கொஞ்சம் சாய்க்கும், அவ்வளவுதான். ஒரே மாதிரி இரண்டு பையன்கள் இருந்தால் உழைப்பு அதிகம் உள்ளவனை எடு. பொட்டென்ஷியல் 60 உள்ள சோம்பேறியை விட்டுவிட்டு 45 உள்ள உழைப்பாளியை எடுக்காதே. கோச்களுக்கும் இதே கதைதான். உன் லோ ஏ, ஹை ஏ அணிகளில் நல்ல பிட்சிங் கோச், ஹிட்டிங் கோச் வைப்பது மேஜர் லீக் அணியில் வைப்பதைவிட இந்த விஷயத்தில் பயன் தரும், ஏனென்றால் வளரும் வயதுப் பையன்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வளர்ச்சிக்கான பட்ஜெட்டைச் சராசரிக்குக் கொஞ்சம் மேலே வை. கடைசி இடத்து அணிக்கு அனுபவசாலி ரிலீவருக்குக் கொடுக்கும் பணம் வீண். அதை இங்கே போடு.

இனி யாரும் விரும்பாத பகுதி, ரோஸ்டர் (வீரர் பட்டியல்) கணக்கு. நல்ல பையன்களை நம் லீகில் பலர் இழந்தது இங்கேதான், திறமைக் கணக்கில் இல்லை. மேஜர் லீக் அணியில் ஆடுபவர்கள் 26 பேர். அதைச் சுற்றி 40 பேர் ரோஸ்டர். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தம் ஆனவனை ஐந்து சீசனுக்குள்ளும், 19 அல்லது அதற்கு மேல் ஆனவனை நான்கு சீசனுக்குள்ளும் அந்த 40-க்குள் சேர்க்காவிட்டால் டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் அடுத்தவன் தூக்கிக்கொண்டு போகலாம். தூக்கியவன் அடுத்த சீசன் முழுவதும் அவனைத் தன் மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியத் தடை. டாட்ஜர்ஸ் 1954-ல், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ராபர்ட்டோ கிளமெண்டேயை இப்படித்தான் பைரேட்ஸிடம் இழந்தது. 1999-ல் ஆஸ்ட்ரோஸ் பாதுகாக்காமல் விட்ட யோஹான் சந்தானா, ட்வின்ஸில் இரண்டு முறை சை யங் வாங்கினார்.

அதற்காக எல்லோரையும் முன்கூட்டியே 40-ல் சேர்க்காதே. சேர்த்த பிறகு கீழே அனுப்பும்போது ஆப்ஷன் (ஒரு சீசனுக்குக் கீழே அனுப்பும் அனுமதி) கணக்கு ஓடத் தொடங்கும். ஒரு சீசனில் 20 நாளோ அதற்கு மேலோ கீழே இருந்தால் ஒரு ஆப்ஷன் காலி. மூன்றும் காலியானால் அப்புறம் வெய்வரில் போடாமல் (வேறு அணிகள் எடுத்துக்கொள்ள வாய்ப்புக் கொடுக்காமல்) கீழே அனுப்ப முடியாது. உன் அணியின் 21 வயது சென்டர் ஃபீல்டரைப் பழைய ஆள் 18 வயதிலேயே 40-ல் சேர்த்துவிட்டார். பாவம், அந்தப் பையனுக்கு இப்போது ஒரே ஒரு ஆப்ஷன்தான் மிச்சம். டபுள் ஏ-வில் தடுமாறிக்கொண்டிருக்கிறான். அடுத்த சீசனோடு அவன் மேஜர் லீகில் இருக்க வேண்டும், அல்லது வேறு ஒருவனுடைய அணியில் இருப்பான்.

சர்வீஸ் டைம் என்பதையும் பார்த்துக்கொள். 172 நாள் மேஜர் லீகில் இருந்தால் ஒரு வருடம். ஆறு வருடம் ஆனால் ஃப்ரீ ஏஜென்ட், விரும்பிய அணிக்குப் போகலாம். 2015-ல் சிகாகோ கப்ஸ், கிரிஸ் பிரையண்டை சீசன் தொடங்கி சில நாள் கழித்து மேலே கூட்டிவந்தது. அவருக்கு 171 நாள்தான் சேர்ந்தது. ஒரே ஒரு நாள் குறைவால் கப்ஸுக்கு இன்னொரு வருடம் கிடைத்தது. அவர் முறையிட்டுப் பார்த்தார், தோற்றார். நிஜ வாழ்க்கையில் எனக்கு இது பிடிக்காத வேலை. ஆட்டக்காரனின் வயிற்றில் அடிப்பது. விளையாட்டில் செய்வேன்.

கடைசியாக விற்பது. நீ வைத்திருக்கும் பத்து நல்ல பையன்களில் பாதிப் பேர்கூட நிலையான மேஜர் லீக் வீரன் ஆக மாட்டார்கள் என்று வைத்துக்கொள். யார் ஆவார்கள் என்று உனக்குத் தெரியாது. உன்னிடமிருந்து வாங்குகிறவனுக்கும் தெரியாது. அதனால்தான் 20 வயதில் பொட்டென்ஷியல் 60 என்பதற்குச் சந்தையில் அவ்வளவு விலை. பிட்சர்களை அந்த விலையில் விற்றுவிடு. பேட்டர்களை, அதிலும் நடுக்களத்தில் ஆடும் பேட்டர்களை, வைத்துக்கொள். இதில் நம் லீகில் என்னோடு சண்டை போடுபவர்கள் உண்டு. தருமபுரி அணியை நடத்தும் அண்ணன் ஒருவர் பிட்சர்களாக மட்டுமே சேர்த்து வைத்திருக்கிறார், அதில் இரண்டு பேர் இப்போது கையில் கட்டோடு இருக்கிறார்கள். அவர் கோப்பையையும் ஒரு முறை வாங்கியிருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, உன் இரண்டு பையன்களுக்கு வருகிறேன்.

ஷார்ட்ஸ்டாப்பை ஜூலை வரை லோ ஏ-விலேயே விடு. ஹை ஏ-வில் அந்த 25 வயதுக்காரர்களை விடுவித்து இடத்தைக் காலி செய்து வை. ஜூலையில் வாக் கூடியிருந்தாலோ கான்டாக்ட் 35-ஐத் தொட்டிருந்தாலோ ஹை ஏ-வுக்கு ஏற்று. அவனுடைய சராசரி அதற்குள் .280-க்கு இறங்கியிருக்கும், அதைப் பார்த்துப் பதறாதே. டபுள் ஏ பற்றிய பேச்சு அடுத்த சீசன் நடுவில். இதற்கிடையில் .340-ஐப் பார்த்து யாராவது இன்றைக்கே மேஜர் லீகில் ஆடக்கூடிய 24, 25 வயது செகண்ட் பேஸ்மேனைக் கொடுக்க முன்வந்தால், என்னிடம் கேட்காமல் கையெழுத்துப் போடு.

பிட்சரை இந்த ஞாயிறு லீகை ஓட்டுவதற்கு முன்பே டபுள் ஏ-வுக்கு இறக்கிவிடு. ட்ரிபிள் ஏ-வுக்கு அவனை ஏற்றியது பழைய ஆளின் அவசரம். கண்ட்ரோல் 30 வைத்துக்கொண்டு அங்கே வீசினால், வாக் கொடுத்தே மூன்றாவது இன்னிங்ஸில் வெளியே வருவான். டபுள் ஏ-வில் ரொட்டேஷனில் போட்டு ஐந்து நாளுக்கு ஒரு முறை வீசட்டும், பந்து எண்ணிக்கைக்கு 85 என்று வரம்பு வை. ஸ்டார்ட்டராகவே சீசன் முடியட்டும். இதில் ஒன்றை நீ கவனிக்கவில்லை போலிருக்கிறது: அவன் பள்ளியிலிருந்து 18 வயதில் எடுக்கப்பட்டவன், இது அவனுக்கு ஐந்தாவது சீசன், 40-ல் இன்னும் சேரவில்லை. ஸ்டஃப் 65 என்று எழுதியிருக்கும் ஒருவனைப் பாதுகாக்காமல் விட்டால், ரிலீவராக ஒரு வருடம் ஒளித்துவைக்க நம் லீகிலேயே நான்கு பேர் தயாராக இருப்பார்கள். அதில் நானும் ஒருவன். 40-ல் சேர்ப்பதற்கான நவம்பர் கெடுவுக்குள் அவனுக்கு இடம் வேண்டும் என்றால், .210 அடித்துக்கொண்டு 40-ல் உட்கார்ந்திருக்கும் அந்த 34 வயது ஃபர்ஸ்ட் பேஸ்மேனை முதலில் வெளியே அனுப்பு.